மெஜந்தா என்ற நிறப்பெயர்: பழைய விளம்பரங்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில நிறப்பெயர்கள் குறித்து எழுதிவரும் கட்டுரைக்காக உறுப்பினர்களின் உதவியை நாடுகிறேன். பிரான்சின் லியோன் நகர வேதியியலாளர் வெர்கன் அனிலினிலிருந்து உருவாக்கிய சிவப்புச் சாயம், ஃபியூஷியா மலரை நினைவூட்டும் ‘ஃபுக்சின்’ என்ற பெயரைத்தான் முதலில் பெற்றிருந்தது. 1859 ஜூன் 4 அன்று மிலானுக்கு அருகிலுள்ள மெஜந்தா என்ற ஊரில் பிரெஞ்சு, சார்டீனியக் கூட்டுப் படைகள் ஆஸ்திரியரை வென்ற பின்னர், அவ்வூரின் பெயர் சாயத்துக்கும் அதன்வழி நிறத்துக்கும் வழங்கலாயிற்று. போர்க்களத்துக் குருதியின் நிறம் என்ற விளக்கத்தைவிட, வெற்றியின் புகழை வணிகர்கள் பயன்படுத்திக்கொண்டனர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதைச் சரிபார்க்க, 1859, 1860ஆம் ஆண்டுகளின் சாய வணிக விளம்பரங்களோ துணிக்கடை விலைப்பட்டியல்களோ, பிரெஞ்சிலாயினும் ஆங்கிலத்திலாயினும், எவரிடமேனும் இருந்தால், இதழின் பெயரும் நாளும் தெரியும்படி படமெடுத்து அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன்.