மறு: ‘தழுவல்’ ஒன்றே போதுமா? விஞ்ஞானப் புனைகதைப் படங்களுக்கு ஒரு சொல்

> நாவலிலிருந்து பிடுங்கித் திரையில் நடுவதால் ‘பெயர்நடவு’ எனலாமே?

வணக்கம் ஐயா. நாவலிலிருந்து எடுக்கும் விஞ்ஞானப் புனைகதைப் படங்களைத் ‘தழுவல்’ என்பதற்குப் பதிலாக, நாற்றைப் பிடுங்கி நடுவதுபோல் ‘பெயர்நடவு’ எனலாம் என்கிறீர்கள். சொல் அழகுதான், ஆனால் கிளிநொச்சிப் பக்கம் எடுபடாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலிலும் நாற்று நடாமல் பெரும்பாலும் விதைப்புத்தான். அதைவிட, பிடுங்கி நட்டாலும் நெல் அதே நெல்தானே? படத்தில் நடப்பது வேறு.

பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலையும் அதிலிருந்து 1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தையும் பாருங்கள். நாவலில் அணுப்போருக்குப் பிறகு விலங்குகள் அருகிவிடுகின்றன; உயிருள்ள ஒன்றை வளர்ப்பதுதான் மதிப்பு. நாயகனின் மொட்டைமாடியில் நிற்பதோ மின்சாரச் செம்மறி. அயலவனுக்குத் தெரிந்தால் வெட்கம். பிறகு மனிதரைப்போலவே செய்யப்பட்ட அன்ட்ரொய்டுகளைக் கொன்று பெற்ற பணத்தை முற்பணமாகக் கட்டி, மிச்சம் தவணையில், நிசமான ஆடு ஒன்று வாங்குகிறான். அதை ஓர் அன்ட்ரொய்டுப் பெண் மாடியிலிருந்து தள்ளிவிடுகிறாள்.

இதை எங்கள் வீட்டுத் திண்ணையில் சொன்னபோது, பதினைந்து ஆடு வளர்க்கும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “லீசிங்கிலயே எடுத்தவன்? அப்ப ஆடு செத்தாலும் காசு கட்டவேணுமே!” அவ்வளவு கவலை. படத்தில் ஆடே இல்லை என்றேன். “ஆட்டை விட்டிட்டு அந்தக் கதையை எப்பிடியடா சொல்லுறது?” என்று எழும்பிப் போய்விட்டார்.

சொல்லியிருக்கிறார்கள். செயற்கை ஆந்தை, பாம்பு என்று ஒன்றிரண்டுதான் மிச்சம். நாவலில், இரக்கம் உள்ளவன்தான் மனிதன். படமோ சாகப்போகிற இயந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அன்ட்ரொய்ட் என்ற சொல்லைக்கூட வைத்துக்கொள்ளாமல் ‘ரெப்ளிகன்ட்’ என்று புதிதாக ஆக்கினார்கள். அவர்களுக்கும் நம்முடைய வேலைதான் இருந்திருக்கிறது!

ஆகவே ஒட்டுமாங்கன்றுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அடிக்கட்டை நாட்டு மா, காய்ப்பது கறுத்தக்கொழும்பான் என்ற வேறு இன மா. வேர் நாவலுடையது, பழம் படத்துடையது. முதலில் ‘ஒட்டாக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ஒட்டாத ஆக்கம்’ என்றல்லவா வாசிப்பார்கள்! ‘திரையொட்டு’ எப்படி? நாவலை இறுகப் பற்றி நிற்கும் படங்களுக்குத் ‘தழுவல்’ இருக்கட்டும்.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ இரண்டிலும் அடங்காது. கொழும்பில் குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் நாவலையும் படத்தையும் ஒருங்கே வளர்த்தார்கள்; இரண்டும் 1968இல் வெளிவந்தன. அப்படியிருந்தும் நாவலில் விண்கப்பல் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனுக்கு. அதற்குத் தனிச்சொல் வேண்டும், இன்னொரு நாள் பார்ப்போம்.

எனக்கு இடிப்பது வினைச்சொல்தான். ‘நாவலைத் திரையொட்டினார்’ என்றால் சுவரொட்டி ஒட்டியவர் மாதிரிக் கேட்கிறது. யாரிடமாவது நல்லது இருந்தால் எழுதுங்கள்.