பூல் ஹீட் பம்ப் ஓடுது, தண்ணி சூடாகல. கம்ப்ரசர் போச்சுங்கறாங்க, நெசமாங்க?

தோப்புக்காரன்_ஆழியாறு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆழியாறு போற ரோட்டுல நம்ம தென்னந்தோப்புக்குள்ள நாலு ரூம் போட்டு ஃபார்ம் ஸ்டே நடத்திட்டு இருக்கறோம், கூடவே சின்னதா ஒரு நீச்சல்குளம், 8 மீட்டருக்கு 4 மீட்டர், ஆழம் 1.2. மார்கழியில மலைக்காத்து எறங்குச்சுன்னா தண்ணி 21 டிகிரிக்குப் போயிருது, வர்றவங்க காலை விட்டுப் பாத்துப்போட்டு ரூமுக்கே போயிடறாங்க, அதனால மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஹீட் பம்ப் (காத்துல இருக்கற சூட்டை எடுத்து தண்ணிக்கு ஏத்தற மிஷின்) வாங்கி வெச்சோம், த்ரீ ஃபேஸ், 20 கிலோவாட், கேஸ் ஆர்-410ஏ. போன சீசன் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

இப்ப ஒரு வாரமா ஆன் பண்ணுனா ஃபேன் சுத்துது, கம்ப்ரசர் ஓடுது, டிஸ்ப்ளேல எரர் எதுவும் இல்ல, ஆனா தண்ணி ஒரு டிகிரி கூட ஏற மாட்டேங்குது. சத்தம் மட்டும் நெம்ப ஜாஸ்தி, கிரைண்டர்ல கல்லு மாட்டுன மாதிரி கரகரன்னு. இருவது நிமிசம் ஓடி தானா நின்னுருது, முக்கா மணி நேரம் கழிச்சு மறுக்கா ஓடுது. ஏசி மெக்கானிக் ஒருத்தர் வந்து பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்துப்போட்டு கம்ப்ரசர் வால்வு போச்சு, மாத்தித்தான் ஆகோணும், 62,000 ஆகும்னுட்டாரு. கிறிஸ்மஸ் லீவுக்கு நாலு ரூமும் புக்கிங் ஆயிருச்சு. இது பத்தாதுன்னு போர்லயும் தண்ணி கொறைஞ்சு தொட்டி ரொம்ப ரெண்டு மடங்கு நேரம் ஆகுது. ஒரே வெசனமா இருக்குதுங்க, யாராச்சும் வழி சொல்லுங்க.

பனியன்_சிட்டி:
ஏனுங்ணா, தோட்டத்து இலவச கரண்ட்லயே நீச்சல்குளத்தையும் சூடு பண்றீங்களா 😄 சும்மா சொன்னேன். மொதல்ல சேண்ட் ஃபில்டரை பேக்வாஷ் பண்ணுங்க (தண்ணியைத் திருப்பி விட்டுக் கழுவறது), தண்ணி மிஷினுக்குள்ள போகாம சுத்திப் போற பைபாஸ் வால்வு எந்தப்பக்கம் இருக்குதுன்னு பாருங்க. எங்க அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன் வால்வை மாத்தித் திருப்பிப்போட்டு பத்து நாள் எல்லாரும் மிஷினைத் திட்டிட்டு இருந்தோம். அப்பறம் பின்னாடி காயில்ல தூசி. உங்க பக்கம் தேங்கா நார் எடுக்கற மஞ்சி மில் ஜாஸ்தி, அந்தத் தூசி ஒட்டுச்சுன்னா காத்தே போகாது.

தோப்புக்காரன்_ஆழியாறு:
இல்லீங் தம்பி, அது தனி கமர்ஷியல் கனெக்‌ஷன், பில்லைப் பாத்தா அழுகையே வரும். பேக்வாஷ் பண்ணியாச்சு, வால்வும் சரியாத்தான் இருக்குது, காயிலை போன வாரம் தான் தண்ணியடிச்சுக் கழுவுனேன். பூல் பம்ப் சிங்கிள் ஃபேஸ், அது நல்லா தள்ளுது.

ஈரோட்டு_கூலிங்:
அண்ணா, 22 வருசமா இதே தொழிலுங்க. கம்ப்ரசருக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி மூணு விசயம் சொல்லுங்க. ஓடும்போது ரெண்டு கேஜும் எவ்வளவு காட்டுச்சு? கிளாம்ப் மீட்டர்ல எத்தனை ஆம்ப், நேம் பிளேட்ல எத்தனை? கம்ப்ரசர்ல இருந்து வெளிய போற பைப்பு கை வெக்க முடியாத அளவுக்குச் சுடுதா? பைப்பைத் தொட்டு கிட்டு வெக்காதீங்க, பக்கத்துல கையக் கொண்டு போனாலே தெரியும்.

தோப்புக்காரன்_ஆழியாறு:
மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டேனுங்க. ரெண்டு கேஜும் கிட்டத்தட்ட 220 பிஎஸ்ஐ, ஓடுனாலும் அதே தான், நிறுத்துனாலும் அதே தான். நேம் பிளேட்ல 8 ஆம்ப், ஓடறது மூன்றரை கூட இல்ல. பைப்பு சும்மா வெதுவெதுன்னு இருக்குது.

ஈரோட்டு_கூலிங்:
அப்டி வாங்க வழிக்கு. 410ஏ-ல சும்மா நிக்கற மிஷின்லயே 25 டிகிரிக்கு 220 கிட்டத்தான் இருக்கும், அப்ப கேஸ் இருக்குது. நல்லா ஓடுச்சுன்னா ஒரு பக்கம் 120 கிட்ட எறங்கோணும், இன்னொரு பக்கம் 350க்கு மேல ஏறோணும். ரெண்டும் ஒண்ணா நிக்குதுன்னா பிரஷரே கட்டல. கம்ப்ரசர் போனாலும் இப்டித்தான் காட்டும், அதனால உங்க மெக்கானிக் சொன்னதுல பாதி தப்பில்ல. ஆனா இந்த சைஸ்ல வர்றது ஸ்க்ரோல் கம்ப்ரசர், ரெண்டு சுருளுக்கு நடுவுல கேஸை அமுக்கற ரகம், பழைய பிஸ்டன் கம்ப்ரசர் மாதிரி வால்வு இதுல கெடையாது. ஸ்க்ரோல் ஒரு பக்கமாத் தான் சுத்தோணும், த்ரீ ஃபேஸ்ல ரெண்டு ஃபேஸ் இடம் மாறிப்போச்சுன்னா மோட்டார் தலைகீழா சுத்தும், அப்டி சுத்துனா கரகர சத்தம், ஆம்ப் கம்மி, சூடே வராது, உள்ள இருக்கற மோட்டார் சூடாகி ஓவர்லோடு கட்டாயிரும், ஆறுனதும் மறுபடி ஓடும். நீங்க சொன்னது அத்தனையும் இதுல இருக்குது.

இன்னொண்ணு நீங்களே போறபோக்குல சொல்லிப்போட்டீங்க. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்ச கையோட போர்ல தண்ணி கொறையுமாங்ணா? போருக்குள்ள இருக்கற சப்மெர்சிபிள் மோட்டாரும் த்ரீ ஃபேஸ் தானே, அது ரிவர்ஸ்ல சுத்துனாலும் தண்ணி எடுக்கும், ஆனா கம்மியா எடுக்கும். ரெண்டும் ஒரே டிரான்ஸ்பார்மரா? சமீபத்துல ஈபிக்காரங்க அதுல கை வெச்சாங்களா? புது கம்ப்ரசர் போட்டாலும் அதுவும் தலைகீழாத்தான் சுத்தும், 62,000 தண்டம்.

தோப்புக்காரன்_ஆழியாறு:
அட ஆமாங்க!! 10 நாளைக்கு முன்னாடி டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு வேற கொண்டாந்து மாட்டுனாங்க. ரெண்டுமே அதுல இருந்து தான். ஆனா ஃபேஸ் மாறுனா மிஷின் ஓடாது, எரர் காட்டும்னு வாங்கும்போது சொன்னாங்களே?

ஈரோட்டு_கூலிங்:
ஃபேஸ் மாறுனா மிஷினை நிறுத்தற ஃபேஸ் ரிலே நல்லா இருந்தா ஓடாது தான். யாரோ அதுக்குக் குறுக்கால வயர் போட்டு லூப் பண்ணி வேலை செய்யாம விட்டிருப்பாங்க. மெயினை ஆஃப் பண்ணிப்போட்டு எலக்ட்ரீசியனை வெச்சு பேனலைத் திறந்து பாருங்க. அது வரைக்கும் தயவு செஞ்சு மிஷினை ஓட்டாதீங்க, ரெண்டு நிமிசம் ரிவர்ஸ்ல ஓடுனா ஒண்ணும் ஆகாது, நாள்கணக்கா ஓடுனா அந்த மெக்கானிக் சொன்னது நெசமாயிரும்.

ஊத்துக்குளி_மாமா:
லைன்மேனைக் கூப்பிட்டு டிரான்ஸ்பார்மர்லயே மாத்தச் சொன்னா ஒரே வேலையா முடிஞ்சுருமே?

ஈரோட்டு_கூலிங்:
வேண்டாங் மாமா. பத்து நாள்ல அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரங்க பாதிப்பேரு அவங்கவங்க ஸ்டார்ட்டர்ல வயரை மாத்திக் கட்டியிருப்பாங்க, இப்ப மேல மாத்துனா அவங்க மோட்டாரெல்லாம் தலைகீழாயிரும், அப்பறம் பஞ்சாயத்து தான். அவங்கவங்க பேனல்ல மாத்திக்கறது தான் சரி.

தோப்புக்காரன்_ஆழியாறு:
ரெண்டு நாள் கழிச்சு வந்து சொல்றேனுங்க. பேனலைத் திறந்தா ரிலேவுக்குக் குறுக்கால சேப்பு வயர் ஒண்ணு போட்டு சுத்தி வெச்சிருக்குது! போன மழையில வோல்டேஜ் ஏறி எறங்கி ரிலே டக்கு டக்குன்னு கட்டாயிட்டே இருந்துச்சு, அப்ப வந்த எலக்ட்ரீசியன் "சரி பண்ணிட்டேனுங்"னு சொல்லிப்போட்டுப் போனாரு, அவரு பண்ணுன சரி இது தான் போல. ரெண்டு ஃபேஸை மாத்திக் கட்டுனோம், புது ரிலே போட்டோம், வயரைப் புடுங்கி எறிஞ்சாச்சு. சத்தம் அடங்கிருச்சு, ஆம்ப் ஏழரை. போருக்கும் ஸ்டார்ட்டர்ல மாத்துனதும் தண்ணி குபுகுபுன்னு கொட்டுது. உங்களுக்கு எப்டி நன்றி சொல்றதுன்னே தெரீலீங்க. ஒரு சந்தேகம், நாலு மணி நேரம் ஓட்டியும் ஒன்றரை டிகிரி தான் ஏறியிருக்குது, இது சரியா?

ஈரோட்டு_கூலிங்:
சரிதாங்ணா. உங்க குளம் 38,400 லிட்டரு, ஒரு டிகிரி ஏத்தறதுக்கு 45 யூனிட் சூடு வேணும், 20 கிலோவாட் மிஷினுக்கு ரெண்டேகால் மணி நேரம் ஆகும். நல்ல ஹீட் பம்ப் இதை 10, 11 யூனிட் கரண்ட்ல பண்ணிரும், மிச்சத்தைக் காத்துல இருந்து தான் எடுக்குது, அதனால குளிர் ஏற ஏற அதோட வேகமும் கொறையும். தண்ணி ஆவியாப் போறதுல தான் சூடு நெம்ப வீணாகுது, பொழுதோட ஆள் எறங்காத நேரம் குளத்தை மூடி வையுங்க. 21ல இருந்து 28க்கு ஏத்தோணும்னா ஒறம்பரை வர்றதுக்கு முந்தின நாளே ஆன் பண்ணிருங்க.

தோப்புக்காரன்_ஆழியாறு:
தேங்கா காயப் போடற தார்ப்பாயை எடுத்து மூடியாச்சுங்க. வெடியால பாத்தா 25. பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் போர்ல தண்ணி வத்திருச்சுன்னு புதுசா போர் ஓட்டறதுக்கு வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறேன்னாரு, புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கறேன். சாயங்காலம் அங்க போய் ஸ்டார்ட்டரைப் பாக்கோணும்.