மறு: கார்டிகன் பிரபு கட்டுரை – ‘பர்ச்சேஸ் ஆஃப் கமிஷன்’ தமிழில்

அனைவருக்கும் வணக்கம். கார்டிகன் பிரபு பற்றிய கட்டுரையில் வரும் ‘பர்ச்சேஸ் ஆஃப் கமிஷன்’ (படை அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்குவது) முதலிய சொற்களுக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘பதவி விற்பனை ஊழல்’ என்றே போட்டுவிடலாமே.

வேண்டாம் ஐயா. அப்படிப் போட்டால், பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரியான ஏழாவது கார்டிகன் பிரபு ஜேம்ஸ் புரூடனல் லஞ்சம் கொடுத்துப் பதவி பிடித்தவர் என்றே படிப்பவர்கள் நினைப்பார்கள். அன்றைய பிரிட்டிஷ் குதிரைப்படையிலும் காலாட்படையிலும் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்குவது சட்டப்படி நடந்த காரியம். எந்தப் பதவிக்கு எவ்வளவு என்று அரசே விலை குறித்திருந்தது. விலகுகிறவர் பதவியை விற்று, போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளலாம். தண்டனையாகப் பதவி பறிபோனால் பணமும் போயிற்று. பீரங்கிப்படையிலும் பொறியாளர் படையிலும் இந்த வழக்கமே கிடையாது.

அதனால்தான் ‘பதவிக் கிரயம்’ என்கிறேன். கிரயம் என்றாலே உரிமை கைமாறுகிறது, பிறகு விற்கவும் செய்யலாம் என்பது நமக்குப் புரிந்துவிடும். ‘விலைப்பதவி’ நல்ல தமிழ்தான், ஆனால் ‘விலைபோனவர்’ என்ற வசை அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கிரயம் வடசொல் என்று மறுக்கிறவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் பத்திரப் பதிவுக்குப் போய்வந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல் இது.

விலையில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. குதிரைப்படையில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கும் லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு அரசு குறித்த விலை 6,175 பவுண்டு. கார்டிகன் 1824இல் 8ஆம் ஹுசார் (இலகு குதிரைப்படை) படைப்பிரிவில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தவர், 1832இல் 15ஆம் ஹுசாருக்குத் தலைவராகவே ஆகிவிட்டார். அதற்கு அவர் கொடுத்தது 35,000 பவுண்டுக்கும் மேல் என்பது பரவலான பேச்சு. வழிகாட்டி மதிப்பு ஒன்று, கைமாறும் தொகை வேறொன்று என்று நம் ஊர் மனை வியாபாரத்தில் பார்ப்பதுதான். முன்னதை ‘விதிவிலை’ என்றும், அதற்கு மேல் கொடுப்பதை ‘மேல்தொகை’ என்றும் வைக்கலாம். மேல்தொகை சட்டவிரோதம், இருந்தும் எல்லாரும் கொடுத்தார்கள். இந்த இரண்டு சொல்லையும் பிரித்துக் காட்டாவிட்டால், 1834இல் 15ஆம் ஹுசாரின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டவர் 1836இல் 11ஆம் படைப்பிரிவுக்குத் தலைவரானபோது எழுந்த கோபத்தின் ஒரு பாதி படிப்பவருக்கு எட்டாது. பணமும் குடும்பச் செல்வாக்கும் அனுபவத்தை முந்திக்கொண்டு போன கதை அது. கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25இல் பாலகிளாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி அறுநூற்றுக்கும் மேற்பட்ட குதிரைவீரர்களுக்கு முன்னால் சென்றவர் அவரே. துணிச்சலில் யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்து, ஒரு செல்வாக்குள்ளவரின் கைக்குள் இருந்த நாடாளுமன்றத் தொகுதியைக் குறிக்கும் ‘பாக்கெட் பரோ’வுக்கு ‘உடைமைத் தொகுதி’ போதும். கார்டிகன் உறுப்பினராக இருந்த மார்ல்பரோ, அவருடைய உறவினர் ஒருவரின் பிடியில் இருந்த தொகுதி. கத்தோலிக்கர் உரிமை விஷயத்தில் அந்த உறவினரோடு பிணக்கு வந்ததும் 1829இல் கார்டிகன் அந்த இடத்தை விட்டார்.

> மேல்தொகை சட்டவிரோதம் என்றால் அதற்குத் தனிச்சொல் எதற்கு?

1871இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் பிரிட்டிஷ் அரசு பதவிக் கிரயத்தை ஒழித்தபோது அதிகாரிகளுக்குக் கொடுத்த இழப்பீட்டில் மேல்தொகையையும் சேர்த்தது. சட்டம் தடுத்த பணத்தை அரசே கணக்கில் எடுத்துக்கொண்டது. பெயர் இல்லாமல் அந்தப் பத்தியை எப்படி எழுதுவது?

‘ஹாஃப் பே’தான் மீதி. ‘அரைச்சம்பளம்’ என்றால் விடுப்புச் சம்பளம் போல ஒலிக்கிறது. பதவி உண்டு, படைப்பிரிவில் வேலை இல்லை, ஊதியத்தில் ஒரு பகுதி வரும் – அந்த நிலைக்குக் ‘காத்திருப்பு ஊதியம்’ பொருந்துமா? படைத்துறையில் இருந்தவர்கள் சொன்னால் நல்லது.