காசு கேட்கேக்க நான் ஆரெண்டு தெரியும், பேப்பர் கேட்டால் ஐடி வேணுமாம்!

ஹாரோ வாசி

வணக்கம் உறவுகளே. மூன்று கிழமையாக மண்டையைக் காய வைக்கிற விஷயம் ஒன்று. இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கோ.

2006இல் பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்த காலத்தில் எடுத்த கிரெடிட் காட். ஒழுங்காகத்தான் கட்டி வந்தேன். 2021இல் கடையை மூட வேண்டி வந்ததோடு கை விட்டுப்போச்சு. வங்கி கொஞ்ச நாள் துரத்தியது, பிறகு கடனை ஒரு வசூல் கொம்பனிக்கு விற்றுவிட்டது. இப்போது அவர்களுடைய கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. 2,870 பவுண்டாம். என் கணக்குப்படி அவ்வளவு வராது. வட்டியா, பிந்திக் கட்டின தண்டமா, எதைக் கூட்டினார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

மச்சான் சொன்னான், இங்கே பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 78ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கு, 1 பவுண்டு அனுப்பி எழுத்தில் கேட்டால் ஒப்பந்தப் பிரதியும் கணக்கும் தரத்தான் வேணும் என்று. தபாலகத்தில் 1 பவுண்டுக்கு போஸ்டல் ஓடர் எடுத்து, அவர்கள் தந்த இலக்கத்தையும் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபாலில் அனுப்பினேன். பெயரை அச்சில் போட்டேன், கையெழுத்து வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பதில். "உங்கள் தகவலைப் பாதுகாக்கும் பொருட்டு" பாஸ்போட் அல்லது டிரைவிங் லைசன்ஸ் பிரதி, மூன்று மாதத்துக்குட்பட்ட ஒரு பில், கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் வேணுமாம். போஸ்டல் ஓடரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கடிதம் வந்தது இதே வீட்டுக்கு. இதே பெயருக்கு. அதற்கு முந்தின கிழமைதான் இதே விலாசத்துக்கு "உடனடியாகக் கட்டவும்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். காசு கேட்க நான் ஆளெண்டால், பேப்பர் கேட்க ஏன் ஆளில்லை? மனுசி சொல்கிறாள் அனுப்பித் தொலையுங்கோ என்று. எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஈஸ்ட்ஹாம் அக்கா

தம்பி, நான் அனுப்பினவள். என்ன நடந்தது என்று கேளும்.

எனக்கு 1,400 பவுண்டு ஸ்டோர் காட். பயத்தில் பாஸ்போட் பிரதியோடு வீட்டில் கைக்கு அகப்பட்ட பில்லையும் வைத்து அனுப்பிவிட்டேன். அது மொபைல் பில். அதுவரைக்கும் அவர்களிடம் என் பழைய நம்பர்தான் இருந்தது. அடுத்த கிழமையே புது நம்பருக்கு அழைப்புத் தொடங்கிவிட்டது. வார்ட்டில் இரவு டியூட்டி முடித்து வந்து படுத்தால் காலை எட்டு மணிக்கு போன். நான் கேட்ட ஒப்பந்தம் ஆறு கிழமைக்குப் பிறகுதான் வந்தது. அதுவும் அசல் பிரதி இல்லை, கம்பியூட்டரில் திரும்ப அடித்தது. என் கையெழுத்து எங்கே என்று கேட்டதற்கு, தேவையில்லை என்றார்கள்.

அது உண்மைதான் என்று பிறகு Citizens Advice ஆலோசகர்... மன்னிக்கவும், போனில் தமிழ் மாறவில்லை, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற இலவச ஆலோசனை அமைப்பின் ஆலோசகர் சொன்னார். 2009இல் மான்செஸ்டரில் உயர்நீதிமன்றத்தில் கேரி எதிர் எச்எஸ்பிசி என்ற வழக்கில், 78ஆம் பிரிவுக் கோரிக்கைக்குத் தங்கள் பதிவுகளை வைத்துத் திரும்பத் தயாரித்த பிரதியே போதும், கையெழுத்து இருக்க வேணும் என்றில்லை என்று தீர்ப்பாகியிருக்கு. ஆனால் ஒப்பந்தம் போட்ட நேரத்தில் இருந்த பெயரும் விலாசமும் அதில் இருக்க வேணுமாம். என்னுடையதில் இப்போதைய விலாசம் இருந்தது. நான் அந்தக் காட் எடுத்தது இல்ஃபர்டில் வாடகை அறையில் இருந்தபோது! அதைக் காட்டி எழுதினேன், இன்னும் பதில் இல்லை.

குரொய்டன் குமார்

என் கதை வேற மாதிரி. கடனே என்னுடையது இல்லை.

நம்ம ஆட்கள் பெயர் விஷயம் தெரியும்தானே. அப்பாவின் பெயர் இங்கே "சர்நேம்" ஆகிவிடும். ஒரே தெருவில் ஒரே சர்நேமில் நாலு வீடு இருக்கும், ஒருத்தருக்கொருத்தர் சொந்தமே இருக்காது. என் முதலெழுத்தும் சர்நேமும் உள்ள யாரோ ஒருத்தர் ஒரு லோன் எடுத்துக் கட்டாமல் போய்விட்டார். வசூல்காரர் ஆளைத் தேடி என் வீட்டுக் கதவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

போன் பண்ணினால், "முதலில் பிறந்த திகதியை உறுதிப்படுத்துங்கள்." நான் உங்கள் ஆள் இல்லை என்று சொல்லத்தான் எடுக்கிறேன் என்றால், "அதைச் சொல்லவும் பிறந்த திகதி வேணும்." சரி, வருடம் மட்டும் சொல்லுங்கோ என்று பேரம் வேற. காய்கறிக் கடையா இது?

நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இல்லாத பொருத்தத்தை நானே உண்டாக்கிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். அதனால் இந்த நிலையில் இருக்கிறவர்கள் 78ஆம் பிரிவு, லோனுக்கான 77ஆம் பிரிவு என்று எழுதப் போகாதீர்கள். அது கடன் எடுத்தவர் கேட்கிற உரிமை. "இந்தக் கடன் எனக்குத் தெரியாது, என்னுடையது என்று நிரூபியுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். நியாயமான காரணத்தோடு ஒருவர் கடனை மறுத்தால் வசூல் நடவடிக்கையை நிறுத்தி வைக்க வேணும் என்பது இந்தக் கொம்பனிகளைக் கண்காணிக்கிற நிதி நடத்தை ஆணையத்தின் விதி. நான் முறைப்பாடாகவே எழுதினேன். எட்டுக் கிழமைக்குள் இறுதிப் பதில் தராவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசி வரியில் போட்டேன். அங்கே போக நமக்குச் செலவில்லை. ஏழாம் கிழமை மன்னிப்புக் கடிதம் வந்தது, கிரெடிட் ஃபைலில் ஏறியிருந்த பதிவையும் எடுத்தார்கள்.

முன்னாள் ஹெட்செட்

நான் இரண்டு வருசம் இப்படியான ஒரு வசூல் கொம்பனியில் போன் எடுக்கிற வேலை பார்த்தவன். அடிக்க வராதீர்கள்.

போனில் பிறந்த திகதி கேட்பதில் நியாயம் இருக்கு. எடுத்தது மனைவியா, மகனா, வாடகைக்கு இருக்கிற பெடியனா என்று எங்களுக்குத் தெரியாது. கடன் விஷயத்தை இன்னொருவர் காதில் போட்டால் எங்கள் தலைதான் உருளும். குமார் அண்ணை கோபப்பட்டாலும் அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு வேற வழி இருந்திருக்காது.

ஆனால் கடிதத்துக்கு இந்த நியாயம் ஓடாது. 77, 78ஆம் பிரிவுகளில் இருப்பது எழுத்தில் ஒரு கோரிக்கை, 1 பவுண்டு கட்டணம், அவ்வளவுதான். கால அளவு 12 வேலை நாள். பாஸ்போட் பற்றி ஒரு சொல் இல்லை. ஏற்கெனவே மாதாமாதம் கடன் கடிதம் போடுகிற விலாசத்துக்கு ஒப்பந்தத்தையும் போட்டால் புதிதாக என்ன ஆபத்து வந்துவிடும்?

பிறகு ஏன் கேட்கிறார்கள்? பாதிக்குப் பாதி சோம்பல். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் "என்னைப் பற்றி வைத்திருக்கிற தகவல் எல்லாம் தா" என்று வருகிற கோரிக்கை வேற. அதில் ஆள் யார் என்று உண்மையான சந்தேகம் இருந்தால் ஐடி கேட்கலாம். 2018 மே மாதத்திலிருந்து அதற்குக் கட்டணமும் கிடையாது, ஒரு மாதம் தவணை. நாங்கள் இருந்த இடத்தில் இரண்டு வகைக் கடிதமும் ஒரே தட்டில் விழும், ஒரே டெம்ப்ளேட் பதில் போகும். ஆறுதலாக வாசிக்க ஆருக்கு நேரம்? மீதிப் பாதி, வங்கியிடமிருந்து ஒப்பந்தம் வந்து சேரவில்லை, நாள் கடத்த வேணும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஹாரோ அண்ணை, கடிதத்தின் தலைப்பிலேயே "இது 78ஆம் பிரிவுக் கோரிக்கை, தகவல் பெறும் கோரிக்கை அல்ல" என்று போடுங்கோ. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்கவே கூடாது. 2006இல் இருந்த விலாசத்தையும் எழுதுங்கோ, அது அவர்கள் பதிவோடு பொருந்தினால் ஆளை அடையாளம் காண அதுவே போதும். கையெழுத்தைத் திருடி ஒப்பந்தத்தில் ஒட்டுவார்கள் என்று ஊரெல்லாம் ஒரு பயம் இருக்கு. அக்கா சொன்ன தீர்ப்புக்குப் பிறகு பிரதிக்குக் கையெழுத்தே தேவையில்லாதபோது எதற்கு ஒட்டப் போகிறார்கள்? ஆனாலும் வைக்காமல் விடுவதில் நட்டமில்லை.

ஸ்லாவ் தமிழன்

ஒரு சின்ன விஷயம். நான் மொபைல் கான்ட்ராக்ட் பாக்கிக்கு இந்த 1 பவுண்டு லெட்டர் போட்டு அசிங்கப்பட்டேன். போன் பில், தண்ணி பில், கவுன்சில் டாக்ஸ் எதுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாதாம். கார்டு, லோன் மாதிரி கடன்களுக்குத்தான். நண்பர் சொன்னார்னு அப்படியே காப்பி அடிச்சது என் தப்பு.

ஹாரோ வாசி

எல்லோருக்கும் நன்றி. ஹெட்செட் தம்பி சொன்ன மாதிரியே தலைப்புப் போட்டு, 2006இல் இருந்த வெம்பிளி விலாசத்தையும் எழுதி, அதே போஸ்டல் ஓடரைத் திரும்ப வைத்து அனுப்பினேன். "நீங்கள் பணம் கேட்டு எழுதுகிற விலாசத்துக்கே அனுப்பவும், ஐடி தர மறுக்கிறேன்" என்று ஒரு வரி. மனுசி அந்த வரியை வாசித்துவிட்டு, ஊரில் கிராம சேவகரிடம் இப்படி எழுதியிருப்பீங்களோ என்று கேட்டாள்.

12 வேலை நாள் போய் இன்னும் ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது. இந்த முறை பாஸ்போட் பேச்சே இல்லை. வங்கியிடமிருந்து ஒப்பந்தத்தைப் பெற முடியவில்லையாம், அதனால் தற்போது நீதிமன்றம் மூலம் அமுல்படுத்த முடியாதாம், ஆனாலும் நிலுவை நிலுவைதானாம், விரும்பினால் மாதம் 20 பவுண்டு கட்டலாமாம்.

முன்னாள் ஹெட்செட்

நல்லது அண்ணை. ஆனால் கடன் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரதியை உங்களுக்குத் தந்த அன்றே அமுல்படுத்துகிற உரிமை அவர்களுக்குத் திரும்ப வந்துவிடும். அதுவரை கடிதம் போடலாம், கிரெடிட் ஃபைலில் பதிந்தும் வைக்கலாம். உங்களுடையது 2007 ஏப்ரலுக்கு முந்தின ஒப்பந்தம் என்பது பெரிய விஷயம். அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் கட்டாய விவரங்களோடு கையெழுத்திட்ட பத்திரம் ஒன்று இல்லாமலே போயிருந்தால் நீதிமன்றத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிந்தினவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 20 பவுண்டு கட்டுவதற்கு முன் நேஷனல் டெட்லைன் (National Debtline) என்கிற கடன் ஆலோசனைச் சேவையோடு ஒருமுறை கதையுங்கோ, அவர்கள் காசு வாங்குவதில்லை. இங்கிலாந்தில் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருசக் காலாவதிக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், ஒரு தவணை கட்டினாலும் அது முதலிலிருந்து தொடங்கும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

தம்பி, இன்னொன்று. வெற்றி என்று நினைத்து வாற கடிதத்தை எல்லாம் பிரிக்காமல் போட்டுவைக்க வேண்டாம். நீதிமன்றத்திலிருந்து உரிமைக்கோரல் படிவம் வந்தால் அது வேற கதை. கையில் கிடைத்ததாகக் கணக்கிடுகிற நாளிலிருந்து 14 நாளுக்குள் பதில் போட வேணும், பெற்றுக்கொண்டேன் என்று அறிவித்தால் 28 நாள். ஒப்பந்தம் இல்லை என்பதை அங்கே நீங்கள் சொன்னால்தான் நீதிபதிக்குத் தெரியும். சொல்லாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும், ஆறு வருசம் பெயரில் கிடக்கும். என் தங்கச்சிக்கு அப்படி நடந்தது.

ஹாரோ வாசி

அக்கா சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டில் கடிதம் எல்லாம் அடுப்படி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். இறக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். நீதிமன்றக் கடிதம் ஒன்றும் இல்லை. கவுன்சில் டாக்ஸ் இரண்டாம் நினைவூட்டல் ஒன்று கிடந்தது. இன்று காலை அதைக் கட்டிவிட்டேன்.