கழுத்துல நெட்டி எடுத்தா தலைவலி போகுமா?

வணக்கம். தண்டையார்பேட்டையில இருந்து எழுதறேன். எங்க அக்கா வீட்லயே பிளவுஸ் தைக்கிறாங்க. ரெண்டு வருஷமா தலைவலி. பிடரியில ஆரம்பிச்சு வலது பக்கமா ஏறி, கண்ணுக்குப் பின்னால வந்து உட்காரும். ஹெம்மிங் போடக் குனிஞ்சா அன்னிக்குப் பூரா போச்சு. மெஷினை நிறுத்திட்டு கட்டைவிரலால பிடரியை அமுக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க.

கண் செக் பண்ணியாச்சு, பவர் சரியாதான் இருக்கு. ஸ்டான்லியில பார்த்த டாக்டர், கழுத்துல இருந்து வர்ற தலைவலியா இருக்கலாம்னாரு. கழுத்தோட மேல் 3 நரம்பும் முகத்து நரம்பும் உள்ள ஒரே இடத்துல சேருதாம், அதான் கழுத்துக் கோளாறு நெத்தியில வலிக்குதாம். பிசியோதெரபி எழுதிக் கொடுத்தாரு. நாலு நாள் போனாங்க, தீபாவளி ஆர்டர் வந்துச்சு, விட்டுட்டாங்க. இப்ப எல்லாத்துக்கும் மாத்திரைதான். மாசத்துல 15 நாள் வலி மாத்திரை போட்டா அதுவே தலைவலியைக் கொண்டுவரும்னு சொன்னா எங்க கேக்கறாங்க!

பக்கத்து வீட்ல கைரோபிராக்டிக் போகச் சொல்றாங்க, அதான் கையாலயே கழுத்து, முதுகெல்லாம் நெட்டி எடுத்து விடற வைத்தியம். மொபைல்ல அந்த 'படக்' சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பகீர்ங்குது. சலூன்லயே கழுத்துல கை வைக்க விடமாட்டேன் நான். அபூர்வமாதான்னாலும், கழுத்தைத் திடீர்னு திருப்பி ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க உண்டு. அக்காவுக்கு பிபி வேற.

யாராவது போயிருக்கீங்களா? கை வைக்கறதுக்கு முன்னாடி பிபி, தலைசுத்தல் எல்லாம் விசாரிச்சாங்களா? வெடுக்குன்னு திருப்பாம மெதுவா அசைச்சு, பயிற்சியும் சொல்லித் தர்றவங்க ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இருந்தா சொல்லுங்க. சாயங்காலம் 6 மணிக்கு மேல திறந்திருக்கணும். ஃபீஸ் எவ்வளவுன்னும் போட்டுடுங்க.