வேளச்சேரியில் தரைத்தள வீடு: ஐப்பசி மழைக்கு முன் எதை முதலில் செய்வது?

புதுக்குடித்தனம் எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி ஆவணியில் வேளச்சேரிக்கு வந்திருக்கிறோம். தரைத்தளம், வாடகை வீடு, மேலே இரண்டு குடித்தனங்கள். வாசற்படி தெருவைவிட ஒரு சாண் உயரம்தான். போர்ட்டிகோவுக்கு அடியில் 6,000 லிட்டர் சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி), பக்கத்திலேயே தரையோடு மோனோபிளாக் மோட்டார். மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இடுப்பு உயரத்தில். இன்வெர்ட்டர் ஹாலில் தரையில் இருக்கிறது. ஒரு கார், ஒரு ஸ்கூட்டர். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், கைக்குழந்தையும் உண்டு. 2023 மிக்ஜாம் புயலில் இந்தத் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதாம். கையில் இருப்பது நான்கு வாரம். எதை முதலில் செய்ய வேண்டும், எது வீண் செலவு?

---

தெருமட்டம் எழுதியது:

வீட்டுக்காரரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: மிக்ஜாமில் தண்ணீர் வாசல் வழியாக ஏறியதா, குளியலறை வழியாகப் பொங்கியதா? தாழ்வான தெருக்களில் பெரும்பாலும் குளியலறைதான் முந்திக்கொள்ளும். தெருவில் சாக்கடை மேன்ஹோல் நிரம்பினால் அதன் நீர்மட்டம் உங்கள் குளியலறைத் தரையைவிட மேலே போய்விடுகிறது. வாசலில் ஒரு சொட்டு ஏறாதபோதே நஹானி ட்ராப்பிலும் (குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துளை) கழிப்பறைக் கோப்பையிலும் கறுப்புத் தண்ணீர் வரும். மணல் மூட்டைக்கு முன்னால் இதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

வழி, நான்-ரிட்டர்ன் வால்வு: கழிவை வெளியே விடும், திரும்பி வர விடாது. வீட்டுக் கழிவுக் குழாய்கள் எல்லாம் சேரும் கடைசி சேம்பருக்கும் தெரு இணைப்புக்கும் நடுவில், காம்பவுண்டுக்குள்ளேயே பொருத்த வேண்டும். குழாய் 110 மி.மீ.யா 160 மி.மீ.யா என்று தோண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேல்மூடியைக் கழற்றி மடலைத் துடைக்கக்கூடிய வகைதான் வேண்டும், அம்புக்குறி தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். அதன்மேல் மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள்; கை போகிற அளவுக்கு ஒரு சேம்பர் கட்டி மூடி போடச் சொல்லுங்கள். இந்த வால்வு கைவிடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: மடலில் துணியோ நாப்கினோ முடிக்கற்றையோ சிக்கி, முழுதாக மூடாமல் நிற்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து துடைத்தால் போதும்.

வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், குழாயைச் சோதிக்க ப்ளம்பர்கள் வைத்திருக்கும் டெஸ்ட் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் வளையமும் நடுவில் ஒரு திருகும் இருக்கும். நஹானி ஜாலியைக் கழற்றி உள்விட்டத்தை அளந்து அதற்கேற்ற அளவு வாங்க வேண்டும். உள்ளே இறக்கித் திருகினால் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். கழிப்பறைக் கோப்பைக்கு, மணல் நிரப்பிய தடித்த பாலித்தீன் பையைத் துணிப்பைக்குள் போட்டு அழுத்தி, மேலே கனம் ஏற்றி வைப்பார்கள். அது முழுதாகத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும்.

அடுத்தது உயரம். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ட்யூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) தெருவின் நடுமட்டம், வாசற்படி, சம்ப் மூடி, மீட்டர் பெட்டி நான்கையும் அளந்து சுவரில் பென்சிலால் குறியுங்கள். எதிர்வீட்டுச் சுவரில் மிக்ஜாம் கறை இருந்தால் அதையும் அதே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கறைக்கு ஒரு அடி மேலே ஒரு கோடு. மழை முடியும்வரை தண்ணீர் பட்டால் கெடும் பொருளோ மின்சாரப் பொருளோ எதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்ட தெருக்களில் வீடு வருடா வருடம் பள்ளமாகிக்கொண்டே போகிறது. ஆகவே, பத்து வருடத்துக்கு முன் இங்கே தண்ணீர் வரவில்லை என்று யாராவது சொன்னால் அதை இன்றைக்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மணல் மூட்டை அடுக்குவதானால் பையைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பினால் உருண்டு நிற்கும், இடைவெளி விழும். தரையில் தடித்த ஷீட் விரித்து, அதை மூட்டைகளின் தெருப்பக்கமாக மேலே மடித்துவிட்டு, செங்கல் கட்டுவது போல் இணைப்பு மாற்றி அடுக்க வேண்டும். இரண்டு அடிக்கு மேல் தண்ணீரைத் தடுக்க முயல வேண்டாம். வெளியே மூன்றடி, உள்ளே ஒன்றுமில்லை என்றால் அந்த அழுத்தம் முழுவதும் சுவரின்மேல் விழும்.

---

மெயின் ஸ்விட்ச் எழுதியது:

மீட்டர் இடுப்பு உயரம்னா மிக்ஜாம் அளவுக்குத் தப்பிக்கும், ஆனா சுவிட்ச் போர்டு, ப்ளக் பாயிண்ட் எல்லாம் எங்க இருக்குன்னு பாருங்க. தரையிலிருந்து ஒரு அடில இருக்கற ப்ளக் பாயிண்ட்கள் தனி எம்.சி.பி.ல (போர்டுல இருக்கற ட்ரிப் ஸ்விட்ச்) இருக்கணும். தண்ணி வாசல்படியைத் தொட்டதும் அதை மட்டும் இறக்கிட்டு லைட்டு, ஃபேனை ஓட்டலாம். மெயினுக்குப் பக்கத்துல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா லைனை வெட்டற ஸ்விட்ச்) இருக்கா? இல்லைன்னா மத்ததெல்லாம் அப்புறம், இதை முதல்ல போடுங்க. இருந்தா அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை இன்னிக்கே அழுத்திப் பாருங்க, டப்புன்னு விழணும்.

பலபேர் கவனிக்காத ஆபத்து இன்வெர்ட்டர். மெயினை இறக்கிட்டா வீட்ல கரண்ட் இல்லைன்னு நினைச்சுத் தண்ணில கால் வைப்பாங்க. இன்வெர்ட்டர் அப்பவும் 230 வோல்ட் கொடுத்துக்கிட்டே இருக்கும். முதல்ல இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி அதோட அவுட்புட் ப்ளக்கையும் பிடுங்கணும், அப்புறம்தான் மெயின். கையும் காலும் காஞ்சிருக்கும்போதே செய்யணும். தண்ணி உள்ள வந்தப்புறம் போர்டுகிட்டப் போகவே கூடாது.

இன்வெர்ட்டருக்குப் போடற 150 ஏ.எச். (ஆம்பியர் அவர்) டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல இருக்கும், கடைசி நேரத்துல தூக்க முடியாது. இப்பவே எலெக்ட்ரீஷியனை வெச்சு இரும்பு ஸ்டாண்ட்ல மூணு அடிக்கு ஏத்திடுங்க. ஆசிட் இருக்கறதால சாய்க்கக் கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் லெவலையும் அப்பவே பாத்துடுங்க.

பேக்கப் கணக்கு: 12 வோல்ட், 150 ஏ.எச்.னா 1,800 வாட் அவர். நஷ்டமெல்லாம் போக 1,100, 1,200தான் கைக்கு வரும். சாதா ஃபேன் 75 வாட். ரெண்டு ஃபேன், ரெண்டு எல்.இ.டி. பல்பு, ஒரு ரவுட்டர் ஓடினா ஆறு, ஏழு மணி நேரம். ஃபேன் ரெண்டும் பி.எல்.டி.சி.யா (கரண்ட் கம்மியா இழுக்கற வகை) இருந்தா பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடும். கைக்குழந்தை இருக்கற வீடு, ஒரு ஃபேனையாவது மாத்திடுங்க.

மோட்டார்: ரெண்டு பக்கக் குழாய்லயும் யூனியன் (திருகிக் கழட்டற இணைப்பு) போடச் சொல்லுங்க. அப்பதான் புயல் சேதி வந்ததும் யூனியனைக் கழட்டி, ரெண்டு போல்ட்டை எடுத்து, மாடிக்குக் கொண்டுபோயிடலாம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்கு ஏத்துங்க. தப்பித்தவறி மோட்டார் முங்கிட்டா வெயில்ல காயவெச்சுப் போட்டுப் பாக்காதீங்க. சேறு பேரிங்லயும் வைண்டிங்லயும் இருக்கும், போட்ட நிமிஷம் கருகிடும். பிரிச்சு, நல்ல தண்ணில கழுவி, சூட்டுல உலர்த்தி, மெக்கர் வெச்சு இன்சுலேஷன் பாத்தப்புறம்தான் ஓட்டணும்.

---

வடிகால் எழுதியது:

சம்ப்பையும் காலி செய்துவிடுங்கள் மேடம். வெள்ள நீர் கலந்தால் உள்ளே இருக்கிற நல்ல தண்ணீரும் வீண்தானே?

---

தெருமட்டம் எழுதியது:

காலியாக விடக் கூடாது, தயவுசெய்து. புரட்டாசியில் கழுவுவது சரி, கழுவியதும் நிரப்பிவிட வேண்டும். மண் ஊறி நிலத்தடி நீர் மேலே வரும்போது காலித் தொட்டியை அது கீழிருந்து தள்ளும். பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் அப்படியே கிளம்பிவிடும். கான்கிரீட்டில் விரிசல் விழும், அதன் வழியே சாக்கடை கசியும். நிரம்பிய சம்ப்புக்குள் வெளித் தண்ணீர் புகுவதும் குறைவு. சம்ப்பும் மேல்தொட்டியும் முட்ட இருந்தால், மின்சாரம் இல்லாத மூன்று நாளுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை.

ஆனால் தண்ணீர் மூடி வழியாக மட்டும் புகாது. சம்ப்பின் ஓவர்ஃப்ளோ குழாய் எங்கே திறக்கிறது என்று தேடுங்கள், அதற்கு மூடி போடுங்கள். போர் (ஆழ்துளைக் கிணறு) கேசிங் குழாயின் வாயும் அப்படித்தான். அது திறந்திருந்தால் தெருத் தண்ணீர் நேரே நிலத்தடிக்குப் போய்விடும். மூடியைச் சுற்றி நாலு அங்குலத்துக்குச் செங்கல் விளிம்பு கட்டி, ரப்பர் பட்டை ஒட்டினால் சிறு தேக்கத்துக்குத் தாங்கும்.

மீறி வெள்ளம் கலந்துவிட்டால்: முழுதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்புங்கள். 6,000 லிட்டருக்கு ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடர், புதிதாகப் பிரித்ததாக இருக்க வேண்டும். வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி, 12 மணி நேரம் விட்டு, அதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். அதன் பிறகும் குடிக்க எடுப்பதைக் கொதிக்க வையுங்கள். கழுவ இறங்குபவர் தனியாக இறங்கவே கூடாது. சில மணி நேரமாவது மூடியைத் திறந்து வைத்து, மேலே ஒருவர் நின்ற பிறகுதான் இறங்க வேண்டும். மூடிய தொட்டியில் காற்றில்லாமல் மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் இந்த ஊரில் நிறைய.

---

கிக்கர் எழுதியது:

வண்டிக்கு உயரமான இடம் ஒன்றுதான் மருந்து. வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. நிறுத்தினால் ஆம்புலன்ஸ் போகத் தடம் விட்டு ஓரமாக நிறுத்துங்கள். அதைவிட, மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் முந்தின நாளே விட்டுவிடுவது நல்லது.

முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை ஆன் செய்துகூடப் பார்க்க வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, போட்டோ எடுத்து, இழுவை வண்டியை வரவழையுங்கள். இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது இல்லாமல் முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். ஸ்கூட்டரில் ஏர் ஃபில்டர் பெட்டியை வடித்து, ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டையும் பாருங்கள், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மாற்றிவிட வேண்டும். பெல்ட் இருக்கும் பக்கத்து மூடியையும் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள்.

---

ஈரத்துணி எழுதியது:

இன்சுலின்தான் என் கவலை. பிரிக்காததை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் குப்பியோ பேனாவோ அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும் (அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்). கரண்ட் போய்விட்டால், பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதன்மேல் சின்னச் சட்டி, அதற்குள் மருந்தைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்து ஈரத்துணியால் மூடலாம். ஐஸ்கட்டி நேரடியாகப் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் வானிலை மையம் அதி கனமழை என்று சொன்னால், அதாவது ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல், மாமியாரையும் குழந்தையையும் முந்தின நாளே மேட்டுப் பகுதிக்கு அனுப்பிவிடுங்கள். தண்ணீர் சூழ்ந்த பிறகு படகுக்குக் காத்திருப்பது அவர்களால் ஆகாது. மாநகராட்சி 1913 எண்ணை அலைபேசியில் பதிந்துவையுங்கள்.

இந்த ஊர் தண்ணீர் மழை நின்றதும் வடியாது. தெற்கே இருக்கும் ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர வேண்டும். நிலம் தட்டை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறியிருந்தால் இன்னும் மெதுவாகும். ஆகவே பால் பவுடர், டயப்பர், குடிநீர் எல்லாவற்றையும் மழை நின்றதிலிருந்து மூன்று நாளுக்குக் கணக்குப் போடுங்கள்.

தண்ணீரில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவ வேண்டும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. அந்த வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். மழை ஓய்ந்த பத்தாவது நாளிலிருந்து டெங்கு கொசு; ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

பீரோ சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, நாலு விரல் இடைவெளி வேண்டும். பாச்சை உருண்டை பூஞ்சையைத் தடுக்காது, குழந்தை இருக்கும் அறையில் அது வேண்டவும் வேண்டாம். பட்டுப்புடவைகளை மேல்தட்டுக்கு மாற்றுங்கள். ஊறிய சுவருக்கு உடனே பெயின்ட் அடித்தால் உப்புப் பூத்து உரியும், பங்குனி வெயில் வரை பொறுக்க வேண்டும்.

---

புதுக்குடித்தனம் எழுதியது:

வீட்டுக்காரர் வால்வுக்குச் சம்மதித்துவிட்டார், பாதிச் செலவும் அவருடையது. ஒரு சந்தேகம்: வால்வு மூடியிருக்கும்போது எங்கள் கழிவு எங்கே போகும்?

---

தெருமட்டம் எழுதியது:

எங்கும் போகாது. மாடியில் இருப்பவர்கள் ஊற்றும் தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் உங்கள் குளியலறையில்தான் எழும். ஆகவே மேல் வீடு இரண்டிலும் இப்போதே பேசிவிடுங்கள். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் குளியல், வாஷிங் மெஷின் எதுவும் கூடாது. கழிப்பறையில் ஒரு குவளை அளவோடு நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் ப்ளம்பர் வரும்போதே பார்த்துவிடுங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் சாக்கடை சேம்பரில் சேர்ந்திருக்கிறதா? பல பழைய வீடுகளில் அப்படி இணைத்திருப்பார்கள். 1,000 சதுர அடி மாடியில் 20 செ.மீ. மழை என்றால் 18,500 லிட்டர், உங்கள் சம்ப்பைப்போல் மூன்று மடங்கு. வால்வு மூடிய நேரத்தில் அத்தனையும் நஹானி வழியாக வீட்டுக்குள் வரும், வால்வு போடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். மாடியில் ஒரு குடம் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து ஊற்றி, கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் வந்தால் அந்த இணைப்பை வெட்டி மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். வால்வு அதற்குப் பிறகுதான்.