நிலாவெளி: கடல்நீர் ஆர்ஓவில் திடீரென உப்பு ஏறுது, மெம்பிரேன் மாத்தவேணுமா?

கரைக்கிணறு:
விடுதி ஒன்றுக்கான சிறிய கடல்நீர் ஆர்ஓ (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வுக்குள்ளால் தண்ணியைத் தள்ளி உப்பைப் பிரிக்கிற இயந்திரம்). கரையோரக் கிணற்றுத் தண்ணி. 4 அங்குல மெம்பிரேன் 6. வெசல் (மெம்பிரேன் இருக்கிற அழுத்தக் குழாய்) ஒன்றுக்கு 3 வீதம், ரெண்டு வெசலும் தொடராக. உள்ளே மணிக்கு 2,200 லீற்றர், நல்ல தண்ணி 650 லீற்றர், 52 பார்.

நல்ல தண்ணியின் மின்கடத்துதிறன் (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) வழமையாக 600 மைக்ரோசீமன்ஸ். அஞ்சு நாளில் 1,700க்கு வந்திட்டுது. நல்ல தண்ணி ஓட்டம் 660, வெசலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் மாறவேயில்லை. அதுக்கு முந்தின கிழமை நாலைந்து தரம் கரண்ட் போய் ஜெனரேட்டரில் திரும்பத் தொடங்கினது. 6 மெம்பிரேனும் போச்சு, மாத்துங்கோ என்கிறார்கள். உண்மையா?

உப்புவெளி:
கச்சான் காலம், கடல் சூடேறியிருக்கும். வெப்பநிலை பார்த்தீங்களா?

கொட்டியாரம்:
சூடு காரணமில்லை. ஒரு பாகைக்கு உப்பு 3 முதல் 5 சதவீதம் கூடும், அவ்வளவுதான். மூன்று மடங்கு ஏற அது போதாது.

மெம்பிரேனுக்கு இப்பவே ஓடர் போடவேண்டாம் தம்பி. வெசல் ரெண்டின் தண்ணியையும் தனித்தனியாக எடுத்து அளவுங்கோ. குளோரின் பட்டிருந்தால் முதல் வெசல்தான் முதலில் கெடும், தண்ணி ஓட்டமும் நல்லாகவே கூடும். படிவு என்றால் கடைசி மெம்பிரேன், அதோடு அழுத்த வித்தியாசமும் ஏறும். உங்களுக்கு இது ரெண்டும் இல்லை.

கரைக்கிணறு:
முதல் வெசல் 480, ஓட்டம் 400 லீற்றர். ரெண்டாவது 3,550, ஓட்டம் 260.

கொட்டியாரம்:
முதலாவதில் பிழையில்லை. ரெண்டாவது உப்புக் கூடின தண்ணி குடிக்கிற வெசல், 780 அளவில் இருந்தால் சரி. அதுக்குள்ளே ஓடுற உப்புநீர் ஏறத்தாழ 65,000. கணக்குப் பார்த்தால் மணிக்கு 11 லீற்றர் கசிந்தாலே 3,550 வரும். ஓட்டமானியில் 650 போய் 660 ஆனது அந்தப் பத்து லீற்றர்தான்! மெம்பிரேன் இணைப்பில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், ஓ ரிங், போச்சு என்றுதான் எனக்குப் படுது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க: பம்பை நிறுத்தி அழுத்தம் பூச்சியமானதை மானியில் பார்த்த பிறகே கை வையுங்கோ. நல்ல தண்ணி வெளிவாற முனைக்கு எதிர் முனையில் உள்ள பிளக்கைக் கழற்றி, நீர் கசியாத பொருத்தி ஒன்று போட்டு, அதுக்குள்ளால் 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குழாயை மற்ற முனை வரை தள்ளுங்கோ. பம்பை ஓடவிட்டு 20 சென்ரிமீற்றருக்கு ஒருதரம் இழுத்து அளவுங்கோ. ஒவ்வொரு தரமும் குழாயில் நிக்கிற பழைய தண்ணி போகட்டும். அவசரப்பட்டால் முந்தின இடத்தின் அளவைத்தான் எழுதுவீங்கள்.

மெம்பிரேன் ஒன்று 1 மீற்றர் 16 மில்லிமீற்றர். அளவு இணைப்பில் திடீரென ஏறினால் ஓ ரிங். மெம்பிரேனின் நடுவில் ஏறினால் அதன் தாள்களை ஒட்டின பசை விட்டிருக்கு, அந்த ஒன்றை மட்டும் மாத்தவேணும்.

கரைக்கிணறு:
பிளக் முனையிலிருந்து முதல் ஒரு மீற்றர் 900 சொச்சம். இணைப்பைத் தாண்டினதும் 8,600! பிறகு குறைந்து குறைந்து வெளிமுனையில் 3,550.

கொட்டியாரம்:
பிளக் பக்கமுள்ள கடைசி மெம்பிரேனுக்கும் நடுவிலுள்ளதுக்கும் இடையிலான இணைப்பான்தான் கசியுது. மெம்பிரேன்களைத் தண்ணி ஓடுற திசையிலேயே தள்ளி எடுங்கோ, திருப்பி இழுக்கவேண்டாம். ஓ ரிங்குக்குக் கிளிசரின் மட்டும். வாஸ்லினும் கிறீசும் கிட்டவே வரக்கூடாது. பூட்டும்போது உப்புநீர் சீலின் (மெம்பிரேனுக்கும் வெசலுக்கும் இடையிலான ரப்பர் அடைப்பு) உதடு தண்ணி வாற பக்கம் பார்க்கவேணும்.

உப்புவெளி:
புது ரிங் போட்டால் திரும்பவும் போகாதா?

கொட்டியாரம்:
போகும், காரணத்தை விட்டால். கரண்ட் போய் வரும்போது வெசலுக்குள் காற்று நிக்குது. பம்ப் ஒரேயடியாக எழும்ப, மெம்பிரேன் வரிசை முன்னும் பின்னும் அடிச்சு ரிங்கை உருட்டுது. தண்ணி வாற முனையில் பிளாஸ்டிக் வாசர் போட்டு, வரிசை அசைய விடுற இடைவெளியை இறுக்குங்கோ. தொடங்கும்போது கழிவு வால்வை முழுக்கத் திறந்து, குறைந்த அழுத்தத்தில் காற்றை வெளியேற்றிய பிறகு செக்கனுக்கு 0.7 பாருக்கு மேல் ஏறாமல் கூட்டுங்கோ. 52 பாருக்கு எப்படியும் 75 செக்கன் பிடிக்கும். ஜெனரேட்டர் வந்ததும் தானாகத் தொடங்குற சுவிச்சை நிறுத்தி வையுங்கோ.

கரைக்கிணறு:
ரிங் முறுகி ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. இணைப்பான்களில் இருந்த ரிங் எல்லாம் மாத்தி, 2 வாசர் போட்டாச்சு. முதல் ஒரு மணித்தியாலத் தண்ணியை வெளியே விட்டோம். இப்ப ரெண்டாவது வெசல் 790, மொத்தம் 600.

கொட்டியாரம்:
அதே அடி முதல் வெசலுக்கும் விழுந்திருக்கும். அடுத்தமுறை நிறுத்தும்போது அதையும் திறந்து வாசர் போடுங்கோ.